மைக்குக்காகத் தூக்கிய கை

அந்தத் தியேட்டரில் அவரை எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். விளக்கு அணைந்த பிறகு வருகிறவர்களுக்கு இருக்கை காட்டுவது அவர் வேலை. இருட்டில் தலையின் வடிவத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். வெளிச்சத்தில்தான் கொஞ்சம் தடுமாறுவார்.

எச்.ஐ.வி. பற்றிய திரைப்பட விழாவுக்காகத் தியேட்டரைச் சில நாள் வாடகைக்கு எடுத்தார் ஒரு டீச்சர். அனுமதி இலவசம். இலவசமென்றால் முண்டியடிக்கும் ஊர், அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார்கள்.

"படம் பாக்க வந்தீங்களா, பைக் ஓட்ட வந்தீங்களா?" என்று கேட்டபடியே டார்ச் அவர்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்.

கடைசி நாள் எப்படியோ அரங்கம் பாதி நிறைந்தது. படம் முடிந்ததும் டீச்சர் மேடையேறினார். தொட்டால் பரவாது, சேர்ந்து சாப்பிட்டால் பரவாது, ஆணுறை காக்கும், சந்தேகம் இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொன்னார். கேள்வி கேட்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க டார்ச்சின் கையில் ஒரு மைக் இருந்தது. அது செத்துப்போயிருந்தது. தட்டினார், ஊதினார், குலுக்கினார். மேடையில் என்ன பேசுகிறார்கள் என்று காதில் வாங்கவே இல்லை.

"நானும் இதோட வாழ்றவதான்," என்றார் டீச்சர். "என்னை மாதிரி இங்க யாராவது இருந்தா, இஷ்டம் இருந்தா மட்டும், கை தூக்குங்க."

பேட்டரி மாற்றச் சொல்வதற்காக டார்ச் கையை உயர்த்தினார்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். டீச்சர் இறங்கி வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பேட்டரி..." என்று தொடங்கினார் டார்ச். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அவர் வீடு சேரும் முன்பே செய்தி சேர்ந்துவிட்டது. மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, ஊரே என்னென்னமோ சொல்லுது?"

"மைக் வேலை செய்யல, அதான் கை தூக்குனேன்."

"மைக்குக்கு எதுக்குங்க கைதட்டுறாங்க?"

டீச்சர் எதற்காகக் கை தூக்கச் சொன்னார் என்பதையே அவள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். அவள் சந்தேகம் தீர இருவரும் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை.

"இப்பவே போயி எல்லார்கிட்டயும் சொல்லுங்க," என்றாள் மனைவி.

சொல்லத்தான் போனார். அதற்குள் மேனேஜர் அவரை வண்டி நிறுத்தும் இடத்துக்கு மாற்றியிருந்தார். "கொஞ்ச நாளைக்குத்தான், தப்பா நினைக்காதீங்க." டார்ச் நீட்டிய அரங்கச் சாவியைக் கையில் வாங்காமல், மேசையில் வைக்கச் சொன்னார். டிக்கெட் கொடுக்கும் கணக்கரோ அவர் முகத்தையே பார்க்காமல் கவுண்டருக்குள் குனிந்துகொண்டார்.

'எனக்கு இல்லை' என்ற சொல் டார்ச்சின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மேனேஜர் சாவியைக் கையிலேயே வாங்கிக்கொள்வார். ஆனால் உண்மையிலேயே இருக்கிறவனுக்கு மேசைதானா? கையைப் பிடித்து அழுத டீச்சர் என்ன நினைப்பார்? சொல்லாமல் இருந்தால் அது பொய்யில்லையா? ஒன்றும் பிடிபடாமல், வெயிலில் சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம் கணக்கர் அங்கே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அண்ணே, நீங்க மாத்திரை எங்க வாங்குறீங்க?"

"என்ன மாத்திரை?"

"எனக்கும் இருக்குண்ணே. தெரிஞ்சதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போவேன், திரும்பிடுவேன். நீங்க அத்தன பேர் முன்னாடி கை தூக்குனப்போ எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. அதான் உங்க முகத்தப் பாக்க முடியல."

டார்ச் கையிலிருந்த சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினார். "வாங்க, போவோம்," என்றார். அது மட்டும்தான் வாயில் வந்தது.

பேருந்தில் பாதி வழி போனதும் மனசு கேட்கவில்லை. மைக், பேட்டரி, பரிசோதனை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கணக்கர் இறங்கிவிடுவார் என்று பயந்தார். அவரோ முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அப்புறம் ஏண்ணே இல்லைன்னு சொல்லல?"

"அதான் எனக்கும் புரியல."

அன்று கணக்கர் ஆஸ்பத்திரிக்குள் போனார். மாத்திரை ஆரம்பித்தார். ஒழுங்காகப் போட்டால் நல்லபடியாக வாழலாம், கிருமி அடங்கிவிட்டால் மனைவிக்கும் போகாது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னதை டார்ச்சிடம் இரண்டு முறை சொன்னார்.

டார்ச் இல்லாத தியேட்டரில் தாமதமாக வந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து சண்டை வந்ததால், மேனேஜர் அவரை மறுபடி உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். மனைவி தெருவில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாள். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், பாவம், புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்றார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று டார்ச் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.