அக்காவுக்கு நான் போட்ட மாறுதல்

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு கல்வி அலுவலகத்தில் நான் எழுத்தர். ஆசிரியர்களின் மாறுதல் விண்ணப்பங்கள் என் மேஜைக்குத்தான் வரும். வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. எனக்குச் சமைத்துப்போட்டு என்னைக் காப்பாற்றிய அக்கா அதே ஊரில் பள்ளி ஆசிரியை. அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை.

ஒரு திங்கட்கிழமை அக்காவின் விண்ணப்பமே என் மேஜைக்கு வந்தது. மாமல்லபுரத்துப் பள்ளிக்குப் போக வேண்டுமாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் கவலைப்பட்டது என் வயிறுதான். மனசு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

சரி, ஒரு நாளாவது பெரிய மனுஷனாக நடந்துகொள்வோம் என்று விண்ணப்பக் கட்டைப் புரட்டினேன். அதே மாமல்லபுரத்துப் பள்ளியிலிருந்து அக்காவின் பள்ளிக்கு வர விரும்பி இன்னொரு ஆசிரியை எழுதியிருந்தார். இவர் அங்கே, அவர் இங்கே. இதை மனமொத்த மாறுதல் என்போம். இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். அவர்களேதான் எழுதிக் கொடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன கேட்பது என்று குறிப்பெழுதி, கோப்பை அதிகாரியின் பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் அவர் மாமல்லபுரம் பள்ளிக்கு ஆய்வுக்குப் போகிறார். அங்கேயே கையெழுத்து ஆகிவிடும்.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன்.

"அங்கேர்ந்து இங்க வர்றது யாருடா?" என்றாள் அக்கா.

பெயரைச் சொன்னேன். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"அடப்பாவி. அவதான்டா."

அவள் என்றால் எனக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சி விடுதியில் அக்காவோடு ஒரே அறையில் இருந்தவர், கடலோரத்து மீன்காரர் வீட்டுப் பெண். விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது செல்லப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். கோப்பில் இருந்த பெயர் எனக்குப் பொறி தட்டவில்லை. படிப்பு முடிந்து ஒரே ஊரில் வேலை, ஒரே வீடு என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் அப்பா போய்விட்டார். என்னைப் படிக்கவைக்க அக்கா செங்கல்பட்டிலேயே தங்கிவிட்டாள். அவர் வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினார். இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

"அவ வூட்டுக்காரர் போயி மூணு வருஷம் ஆவுது. ஆறு மாசமா லெட்டர் போட்டுக்கறோம்," என்றாள் அக்கா. "சிநேகிதின்னு சொல்லி மூடி வச்சேன்டா இத்தினி நாளு. மனசால எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆச்சுன்னா, அது அவளோடதான்."

இதற்கு ஒரு தம்பி என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. சட்னி கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாம நான் எழுதினேன், எனக்குத் தெரியாம அவ எழுதிகீறா. நீ ரெண்டு பேரையும் இடம் மாத்தி வுட்டுட்ட. மறுபடியும் பிரிச்சிட்டடா."

கை கழுவாமல் பஸ் ஏறினேன். வண்டி நிறையக் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக் கட்டட வேலைக்காரர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதிகாரி பேனா மூடியைத் திறப்பது என் கண்ணில் தெரிந்தது. திருக்கழுக்குன்றத்தில் டீக்கு இறங்கிய கண்டக்டரிடம் கெஞ்சினேன்.

"சீக்கிரம் எடுங்க அண்ணாத்த, உயிர் போற விஷயம்."

"யார் உயிரு?"

"எங்க அக்காது."

"இன்னா உடம்புக்கு?"

"மாறுதல்."

அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

பள்ளி வாசலில் அக்காவின் சிநேகிதியே நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது, கேலி மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னா தம்பி, சட்டையத் திருப்பி மாட்டிகினு வந்துகீற?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இங்க வரேன்னு அவளே எழுதினாளா? அவளேவா?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு ஒரு தாள் வாங்கி, தன் விண்ணப்பத்தைக் குடும்பக் காரணங்களால் திரும்பப் பெறுவதாக எழுதினார்.

அந்தத் தாளோடு இருவரும் அதிகாரியிடம் போனோம்; கையெழுத்து இன்னும் ஆகவில்லை. அதிகாரி கோப்பைப் பிரித்துப் பார்த்தார். அதே மாமல்லபுரத்துப் பள்ளியில் ஒருவர் ஓய்வு பெற்று இன்னோர் இடம் இரண்டு மாதமாகக் காலியாக இருப்பதாக உள்ளேயே ஒரு தாள் இருந்தது. கெட்டிக்காரத்தனத்தின் வேகத்தில் அதை நான் படிக்கவில்லை.

"உங்க அக்காவை அந்த இடத்துக்குப் போட்டுடலாம்யா. ஆனா இந்தம்மாவுக்குக் கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. இங்கே என்ன குடும்பக் காரணம்?"

ஒன்றுவிட்ட நாத்தனார், தூரத்து அத்தை என்று நாக்கு நுனியில் நாலு பொய் வரிசையில் நின்றன. அக்காவின் சிநேகிதி என் முகத்தையே பார்த்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு பிரிந்தது என் படிப்புக்காக. இன்று இன்னொரு தரம் என் வாயால் பிரியக்கூடாது.

"எங்க அக்காதான் சார் அவங்க குடும்பம்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப நீ யாருய்யா?"

"தம்பி சார். ரெண்டு பேருக்கும்."

அவர் அக்காவைக் காலி இடத்துக்கு மாற்றி எழுதினார். பிறகு பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு தட்டச்சாகி வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பொறுக்க முடியாமல் அக்காவின் சிநேகிதி அரை நாள் லீவு எழுதிவிட்டு என்னோடு புறப்பட்டார். பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவர் உட்கார்ந்தார், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா தம்பி, உங்கூரு வண்டி இப்டி ஊருது" என்று செங்கல்பட்டு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.