காஜா பாய் செய்த டிரேடு

காஜா பாயைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கெட்ட மனுஷர் என்றால் நன்றாக நாலு திட்டு திட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம். அவர் அப்படியில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவருடைய பெயிண்ட் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரே சுவர். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "நீ போய் அவரப் பாரு ராதிகா, கடைய நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு கடைக்கும் மாறி மாறி ஓடியவர் அவர்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பாஸ்கெட் பால். சின்ன வயதில் ஆள் குள்ளம் என்று எந்த டீமிலும் சேர்க்கவில்லையாம். ஆடத்தானே விடவில்லை, கத்துவதை யார் தடுப்பது? அன்றைக்கு ஆரம்பித்தவர் இன்னும் கத்துகிறார். எங்கள் ஊர் இளந்தென்றல் கூடைப்பந்துக் கழகம் எங்கே போய் ஆடினாலும் முதல் வரிசையில் அவர் குரல் இருக்கும். மகன் சுஐப் தாய்மாமனைப் போல நெடுநெடுவென்று வளர்ந்து அதே டீமில் சேர்ந்தபோது பாய் கடைத்தெரு முழுக்க லட்டு கொடுத்தார். பூரிப்பில் எனக்கு மட்டும் இரண்டு தடவை கொடுத்துவிட்டுப் போனார்.

சுஐப் கூடை போடுகிறவன் இல்லை. எதிராளி போடாமல் மறிக்கிறவன். அதற்குக் கைதட்டல் கம்மி. பகலில் கடையில் பெயிண்ட் கலக்குவான், வெள்ளிமலைக்கு லோடு ஏற்றிப் போவான், சாயங்காலமானால் பாஸ்கெட் பால் கோர்ட்டில் நிற்பான். "வேற ஒண்ணும் வேணாம்கா. நம்ம ஊரு சட்டையப் போட்டுக்கினு ஆடணும், அத்தா பாக்கணும், அவ்ளோதான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். பிள்ளை கேட்டது அவ்வளவுதான்.

போன வருஷம் மாவட்ட லீக் பாதி நடந்துகொண்டிருந்தபோது வந்தது வினை. எங்கள் டீம் யாரையும் போடவிடவில்லை, தானும் போடவில்லை. அந்த நேரத்தில் உளுந்தூர்பேட்டை டீமில் இருக்கும் பிரவீன்குமாருக்கும் அவர்கள் கோச்சுக்கும் ஆகவில்லை என்று செய்தி வந்தது. பிரவீன்குமார் கையில் பந்து போனால் கூடையில்தான் விழும். சீசன் நடுவில் ஆள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆளுக்கு ஆள் கொடுத்தாக வேண்டும். அதுதான் லீக் விதி.

சும்மா இருப்பாரா மனுஷர்? அமெரிக்காவில் ராத்திரி நடக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலையில் போனில் வரும். சுபுஹு தொழுகை முடிந்ததும் பாய் அதைத்தான் பார்ப்பார். அங்கே டீமுக்கு டீம் ஆட்களை மாற்றிக்கொள்வதற்கு டிரேடு என்று பெயராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் என் காதைத் தின்றார். தினம் டீ நேரத்தில் அவர் கடை வாசலில் காலி பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு ஒரு கூட்டம் உட்காரும். உரக்கடை வைத்திருக்கும் கழகத் தலைவர் தீனதயாளன் கால்மேல் கால் போட்டு நடுவில். எதிரில் பஸ் கண்டக்டர் காசிநாதன்.

"நமக்கு போடறதுக்கு ஆளு வேணும்யா. மறிச்சிக்கினே இருந்தா கப்பு வந்துருமா?" என்றார் பாய்.

"பிரவீன் பந்த எவனுக்கும் குடுக்கமாட்டான் பாய். பந்தியில ஒக்காந்து மொத்த சோறும் அவனே துண்ணுவான்" என்றார் காசிநாதன்.

"துண்ணட்டுமே! துண்ணுட்டு நாப்பது பாயிண்ட் போடறான் இல்ல?"

"பதிலுக்கு யாரக் குடுப்பீங்கோ?"

"யார வேணா குடு. அமெரிக்காவுல ஊரே தலையில வெச்சிக் கொண்டாடறவனையே ராவோட ராவா மாத்திப்புடறான். நமக்கு இன்னா வந்துச்சு? கிளப்பு பெருசா, ஆளு பெருசா?"

"சபாஷ்" என்றார் தீனதயாளன். நான் ஜெராக்ஸ் மெஷினை வேண்டுமென்றே ஓடவிட்டேன். அப்படியும் பாயின் குரல்தான் கேட்டது. அமெரிக்காவில் ஆடுகிறவனுக்குக் கோடி கோடியாகச் சம்பளம், ஊருக்கு ஒரு பங்களா. இங்கே ஆடுகிறவன் ஷூவையே கடன் வாங்கிப் போடுகிறான். இரண்டும் ஒன்றா? என்னை யார் கேட்டார்கள்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒரு முறை ஓட்டுப் போட்டு முடிவெடுத்து, தோற்ற கோஷ்டி கோபித்துக்கொண்டு போய், கழகமே உடையப் பார்த்தது. அதிலிருந்து பெரிய முடிவு எதுவானாலும் கோர்ட்டில் கூடி எல்லாரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் அந்தப் பேச்சு அத்தோடு செத்தது. ஆடுகிற பையன்களுக்கும் பொம்பளைகளுக்கும் கை கிடையாது. ஆனால் நான் போனேன், கூட்டத்துக்கு வேண்டிய பேப்பரைக் கொடுக்கிற சாக்கில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆட்டக்காரப் பையன்கள் கூடைக்கடியில் நின்றிருந்தார்கள். பிரவீனுக்குப் பதிலாக எங்கள் டீம் பையன் இளவரசனைத்தான் உளுந்தூர்பேட்டைக்காரர்கள் கேட்பார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அவனும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். தீனதயாளன் தொண்டையைக் கனைத்தார்.

"உளுந்தூர்பேட்டைக்காரங்க சம்மதம் சொல்லிட்டாங்கோ. பிரவீன தரேங்கறாங்கோ. பதிலுக்கு சுஐபக் கேக்கறாங்கோ."

எதிரிக்குத்தான் நம் பிள்ளையின் அருமை தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை பாருங்கள்.

தீனதயாளன் கை தூக்கினார். பக்கத்திலிருந்தவர்கள் தூக்கினார்கள். காசிநாதன் பாயைப் பார்த்தார், தயங்கினார், பாதிக் கை தூக்கினார். கடைசியில் எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"பாய், உங்க கைதான் பாக்கி" என்றார் தீனதயாளன். "கஷ்டமா இருந்தா விட்றலாம். தன் புள்ளைன்னு வந்துட்டா யாருக்குமே மனசு வராதுதான்."

எவ்வளவு விஷம் பாருங்கள் அந்தப் பேச்சில்! கையை வெட்டுவதற்கு முன்னால் தடவிக் கொடுக்கிற மாதிரி. சுஐப் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தாவையே பார்த்தான். எனக்குத் தெரியும், அவன் பயப்படவில்லை. அத்தா மாட்டார் என்று நிச்சயமாக நம்பினான். உதட்டில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது.

பாய் கை தூக்கினார்.

"கிளப்புதான் பெருசு" என்றார். குரல் மட்டும் வழக்கமான குரலாக இல்லை. மற்றவர்கள் கைதட்டினார்கள். சுஐப் பந்தைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு நடந்து போனான்.

மறுநாள் மெஹ்ராஜ் பேகம் அக்கா, பாயின் சம்சாரம், என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "சந்தையில கோழியக் குடுக்கற மாதிரி குடுத்துட்டு வந்து, சோறு போடுங்கறாரு ராதிகா. எந்தக் கையால போடறது?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு டீ வரவழைத்துக் கையில் கொடுத்தேன். பேசினால் வாயில் நல்ல வார்த்தை வராது.

சுஐப் வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அந்த வருஷம் ஆட முடியாது, அதுவும் விதிதான். ஆடாமல் அவனால் இருக்க முடியாது. கடையை அடைத்துவிட்டு பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டைக்குப் போய் ஆடிப் பழகிவிட்டு வருவான். வீடு அதே வீடு, கடை அதே கடை. அப்பனும் மகனும் பேசிக்கொள்வது பெயிண்ட் மட்டும்தான். "எனாமல் நீலம் இருக்கா?" "இருக்கு." "பிரைமர்?" "தீந்துருச்சு." சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கே நரகமாக இருந்தது.

ஒரு நாள் பாய் தாங்காமல் சொன்னார். "சீசன் முடியட்டும்டா. உன்னத் திரும்பக் கூப்ட்டுக்கலாம்."

"எதுக்கு? அடுத்த வருஷம் வேற எவனுக்காச்சும் குடுக்கறதுக்கா?" என்றான் பையன்.

அதற்குப் பிறகு பெயிண்ட் பேச்சும் குறைந்தது.

பிரவீன்குமார் வந்தான், போட்டான், டீம் ஜெயித்தது. ஒவ்வொரு ஜெயிப்புக்கும் பாய் முன்னைவிட ஜாஸ்தியாகக் கத்தினார். தான் செய்தது சரிதான் என்று ஊர் சொல்ல வேண்டும் அவருக்கு. ஊரும் சொன்னது. சொல்ல வேண்டிய ஒருத்தன் மட்டும் சொல்லவில்லை. இப்படியே போய் ஃபைனலில் வந்து நின்றன இளந்தென்றலும் உளுந்தூர்பேட்டையும். ஆட்டம் எங்கள் ஊர் கோர்ட்டில்.

மெஹ்ராஜ் அக்கா வரவில்லை. நான் போய் காம்பவுண்டுச் சுவரோரம் நின்றேன். சுஐபின் வேலை பிரவீனை மறிப்பது. மறித்தான், அடேயப்பா, என்னமாய் மறித்தான்! பிரவீன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவன் முன்னால் நிற்கிறான். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பாயின் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள்.

"இன்னா பாய், இன்னிக்கி சத்தத்தையே காணோம்?"

"அவருக்கு இன்னாப்பா, எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் வூட்ல பிரியாணிதான்."

"தகப்பனும் மவனும் பேசி வெச்சிக்கினுதான் வந்தாங்களோ இன்னாவோ" என்றார் தீனதயாளன், எல்லாருக்கும் கேட்கும்படி. பாயின் முகம் கறுத்துப்போனதை நான் பார்த்தேன். தீனதயாளன் பேச்சை அப்படியே விட்டுவிட்டு பாய் எழுந்து வெளியே வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கடைசி நிமிஷம். நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். பந்து பிரவீன் கையில், எதிரில் சுஐப். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது, ஊரே அறிந்த குரல்.

"பிரவீனு! அவனுக்கு லெஃப்ட்டு சைடுல போ! லெஃப்ட்டு முட்டி அவனுக்குத் திரும்பாது!"

வெள்ளிமலைக்கு லோடு கொண்டு போகும்போது ஒரு வளைவில் வண்டி சறுக்கி அடிபட்ட முட்டி அது. தெரிந்தால் ஆடவிடமாட்டார்கள் என்று வீட்டோடு மறைத்து வைத்திருந்தான். ராத்திரியில் தைலம் தேய்த்த அம்மாவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்ட அத்தாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கே அன்றுதான் தெரியும்.

பிரவீன் அந்தப் பக்கம் பாய்ந்தான். சுஐப் திரும்பினான், முட்டி மடங்கியது, விழுந்தான். பந்து கூடைக்குள் போனது.

கூச்சலில் காது அடைத்தது. காஜா பாயைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "ஜெயிக்க வெச்சதே பாய்தான்!" என்று கத்தினார்கள், ஐந்து நிமிஷம் முன்னால் சந்தேகப்பட்ட அதே வாய்கள். அவர் எப்படியோ இறங்கிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். உளுந்தூர்பேட்டைப் பையன்கள் சுஐபைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சுஐபு... வூட்டுக்கு வாடா. அம்மா ஆக்கி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கா. தெரியாம வாயில வந்துருச்சுடா..."

சுஐப் அழவில்லை, கோபமும் படவில்லை. பெயிண்ட் கணக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னான்.

"அம்மாகிட்ட நான் போன் பண்ணிக்கறேன். என் முட்டி சங்கதி இப்ப மாவட்டத்துக்கே தெரிஞ்சிருச்சு. இனிமே எந்த டீமும் என்னக் கேக்காது அத்தா. நீங்க யாருக்கும் குடுக்கற வேல இல்ல."

வேன் கதவை உள்ளிருந்து யாரோ சாத்தினார்கள். வண்டி போய்விட்டது. பாய் அந்தப் புழுதியிலேயே நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். திட்டலாம் என்றுதான் ஓடி வந்தேன், முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"காஜா பாய்! இன்னா அங்க நின்னுக்கினு? போட்டோ எடுக்கறாங்கோ, வாங்க, கப்ப நீங்கதான் புடிக்கணும்!" என்று பின்னாலிருந்து தீனதயாளன் கூப்பிட்டார்.

பாய் வேன் போன திசையைப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனார். போட்டோவில் நடுவில் நின்று சிரிக்கிறவர் அவர்தான்.