தொட்டிக்குள் இருந்த முடிச்சு

என் முழங்கால் குத்தவைக்க விடவில்லை என்று மகன்தான் அந்த நாற்காலி மாதிரி கக்கூஸைப் போட்டுக் கொடுத்தான். ஆறு மாதத்தில் அதன் தண்ணீர்த் தொட்டி நிற்காமல் ஓட ஆரம்பித்தது. காலையில் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிறைத்தால் மத்தியானத்துக்குள் காலி. மருமகள் சொல்லிச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனே கதவைச் சாத்திக்கொண்டு சரிசெய்தான். ஒரு வாரம் நின்றது. மறுபடி ஓடியது.

"நீங்கதான சரி பண்ணுனீங்க, அப்புறம் எப்படிங்க ஓடுது?" என்றாள் மருமகள்.

"நான் நல்லாத்தான் பண்ணுனேன். அம்மா கைப்பிடியப் போட்டு இழுத்துட்டே இருக்கறாங்க."

நான் அடுப்படியில்தான் இருந்தேன். ஒரு தடவைக்கு மேல் இழுத்தவளில்லை நான். ஆனால் கக்கூஸ் போவதைப் பற்றி மகனிடம் எப்படி வாதாடுவது? கூச்சம். ஒருவேளை நம் மேல்தான் தப்போ என்றும் இருந்தது.

அதற்கப்புறம் நான் உள்ளே போனால் மருமகள் வெளியே வந்து நிற்பாள். "அத்தை, ஒருக்கா இழுத்தாப் போதுங்க!" பக்கத்தில் வாடகைக்கு இருக்கிற திருநெல்வேலிக்காரர்களுக்கும் கேட்கும். நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் இருவரும் பனியன் கம்பெனிக்குப் போனபின் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். நீர் ஏறியதும் மிதந்து குழாயை அடைக்க வேண்டிய பந்து, விரிசல் விட்டுப் பாதி முங்கிக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டியிருந்தது. எலாஸ்டிக் ஊறித் தொய்ந்துவிட்டது. முடிச்சைப் பார்த்தேன். இரண்டு சுற்று, முனை உள்ளே செருகல். கம்பெனியில் வெட்டிய துணியைப் பண்டல் கட்டுகிற கை. வீட்டு அரிசிப் பையையும் என் மகன் அப்படித்தான் கட்டுவான்.

பந்து உடைந்தது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் என்னைச் சொல்லியிருக்கிறான்.

பிறகு குழாயை மூடி, பந்தைத் திருகிக் கழற்றி, பைக்குள் மறைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"என்னுங்கம்மா, இந்த வயசுல பந்து வெளையாட்டா?" என்றார் கடைக்காரர். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். தலை நிமிராமல் புதுசை வாங்கி வந்து திருகினேன். தண்ணீர் ஏறி, தானே நின்றது.

சாயங்காலம் தோசை ஊற்றினேன். மருமகள் காதைத் தீட்டிக் கேட்டாள். "சத்தமே இல்லீங்களே! என்ன பண்ணுனீங்க?" அவனைத்தான் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிடுவான் என்று கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"அம்மாளுக்குப் பழகிருச்சு, அவ்வளவுதான்."

மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்பாகத்தான். "பரவால்லீங்கத்தை, மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தானுங்க."

அவளை நான் என்ன சொல்ல? அவன் தட்டை நீட்டினான்.

"மாவு அங்க இருக்குது, நீயே ஊத்திக்க சாமி" என்று கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.