குதிரைச் சீட்டு

பக்கவாதம் வந்து இடது கை விளங்காமல் போன நாளிலிருந்து டிரைவருக்குத் தோல்வி என்பதே இல்லை. கேரம் ஆடினால் மகன் சிவப்புக் காயைக் குழி வாசலில் விட்டுவிட்டு விட்டத்தைப் பார்ப்பான். டிப்போ நண்பர்கள் வந்தால் அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். ரோட்டில் எவனுக்கும் லேசில் வழிவிடாத மனுஷன். பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு.

அந்த வயிற்றெரிச்சலில்தான் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை வாங்கினார். சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம், அதன்மேல் நகத்தளவு சிப்பாய்கள். நீலப்படை இவருடையது. சிவப்புப்படைக்கு ஆள் வேண்டாம், ஒரு சீட்டுக்கட்டுதான் தளபதி. மேல் சீட்டைப் புரட்டினால் 'முன்னேறு' என்றோ 'சுடு' என்றோ 'குதிரைப்படை பாய்' என்றோ இருக்கும். அதன்படி சிவப்பை இவரே நகர்த்த வேண்டும். கட்டுக்கு இவர் கை எப்படிப் போனது என்றெல்லாம் கவலையா என்ன? முதல் நாளே நீலப்படையைத் துவைத்துக் காயப்போட்டது. டிரைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டுக்கு 'மாமனார்' என்று பெயர் வைத்தார்.

"எங்கப்பா செத்தும் நிம்மதியா இருக்கக் கூடாதா?" தையல் மெஷினை மிதித்தபடியே மனைவி கேட்டாள்.

"உங்கப்பா ஒருத்தர்தான் என்னை அய்யோ பாவம்னு பாத்ததே இல்ல."

தினமும் தோற்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் மறுபடி அடுக்கினார். உதவிக்கு வந்தவர்களை விரட்டியடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தே விட்டார். நீலப்படை பாலம் தாண்டி மேட்டைப் பிடித்தது. எழுந்து கத்தப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். மேஜை மூலையில் சிவப்புக் குதிரைகள் காலையில் வைத்த இடத்திலேயே நின்றன. கட்டைப் பரப்பித் தேடினார். குதிரைச் சீட்டு ஒன்றுகூட இல்லை.

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"எங்க வச்சிருக்க?"

"தினம் தினம் தோத்துட்டு உக்காந்திருக்கீங்க. பாக்க முடியலங்க."

"என்னை மனுஷனா மதிச்சு அடிச்சது இது ஒண்ணுதான்! அதையும் கெடுத்துட்டியே! கொண்டா இங்க!"

நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து சீட்டுகளை எடுத்துக்கொடுத்தாள். அவர் அவற்றைக் கட்டோடு சேர்த்துக் கலைத்துப் புதிதாக ஆடினார். சாயங்காலத்துக்குள் குதிரைகள் பாய்ந்து வந்து, கொடி பிடித்தவனைக்கூட விட்டுவைக்கவில்லை.

"தோத்துட்டேன்! சுத்தமா தோத்துட்டேன்!" அவர் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

மனைவி வந்து நாற்காலியைச் சிவப்புப் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சீட்டுக்கட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இனிமே சிவப்புக்கு நான்தான்."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "விட்டுக்குடுப்பியா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்? இனிமே நடக்காது. அடுக்குங்க."

அவர் அடுக்கி முடித்ததும் அவள் முதலில் கை வைத்தது குதிரைகள் மேல்தான்.