கூரையிலிருந்து வந்த மிருதங்கம்

டிவியில் யார் பேசினாலும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கேட்க ஆரம்பித்தது, நான் ஓய்வு பெற்ற பிறகுதான். காது டாக்டரிடம் போகலாம் என்றாள் மனைவி. கோளாறு டிவியில்தான் என்றேன் நான். அப்பளம்போல் மெலிந்துவிட்ட டிவிக்குள் ஸ்பீக்கருக்கு இடம் எங்கே இருக்கிறது? இதை நிரூபிக்கத்தான், டிவிக்கு அடியில் மாட்டும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்கக் கிளம்பினேன். உள்ளுக்குள் பயம்தான். காது நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.

பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும், சத்தம் கூரையிலிருந்து இறங்கும் என்றது விளம்பரம். கடையில் இருட்டறையில் உட்காரவைத்து, தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். விற்பனையாளர் சிரித்தார். அங்கேயே விழுந்துவிட்டேன்.

விஜயநகர் வீட்டில் அதை மாட்டிய வாரமே தசரா. ஆயுதபூஜையன்று எங்கள் வீட்டில் பிளக் உள்ள எதுவும் சந்தனம் குங்குமத்திலிருந்து தப்பாது. சவுண்ட்பாரின் மேல் நாலாக மடித்த ஜரிகைத் துணி ஒன்றை விரித்து, செவ்வந்திச் சரம் வைத்தாள் மனைவி. பூ வாடியதும் எடுத்துவிட்டாள். துணி மட்டும், தூசி படியாமல் இருக்கட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டது.

வந்தவர்களையெல்லாம் சோபாவின் நடுவில் உட்காரவைத்துக் கச்சேரி போட்டுக் காட்டினேன். "மிருதங்கம் மேலேருந்து வருது பாருங்க" என்பேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். "ஹௌது சார், மேலிந்தானே பர்தாயிதே" என்று பக்கத்து வீட்டுக்காரரும் கன்னடத்தில் ஆமோதித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வாரம் துணியைத் துவைக்க எடுத்தபோதுதான், சவுண்ட்பாரின் மேற்பக்கத்தில் வலை போட்ட இரண்டு வட்டங்களைப் பார்த்தேன். பரணில் அட்டைப்பெட்டி இருந்தது. எங்கள் வீட்டில் எந்த அட்டைப்பெட்டியையும் தூக்கி எறிவதில்லை. அதில் போட்டிருந்த படத்தில், சத்தம் கூரையில் மோதித் திரும்புவதைக் காட்டும் அம்புக்குறிகள் அந்த வட்டங்களிலிருந்துதான் கிளம்பின. அப்படியானால் இத்தனை நாளும் நாங்கள் கேட்டது என்ன? நாலு மடிப்பு ஜரிகைக்கு அடியிலிருந்து மிருதங்கம் எப்படிக் கூரைக்குப் போயிற்று? மண்டை காய்ந்தது.

துணி துவைத்து வந்ததும் பழையபடி மேலே போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். "நான் கண்ணை மூடிக்கிட்டு கச்சேரி கேக்கறேன். நீ துணியை எடு. எடுத்ததும் நானே சொல்லிடறேன், பாரு."

சோபாவில் சாய்ந்தேன். முதலில் சத்தம் அடைத்தாற்போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. மிருதங்கம் மெல்ல எழும்பி மின்விசிறிப் பக்கம் போனது, சந்தேகமே இல்லை.

"இப்ப எடுத்துட்டே" என்று கண்ணைத் திறந்தேன். துணி போட்டபடியே இருந்தது. மனைவி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் தொடவே இல்லையேங்க. சும்னே ஏதாவது சொல்லாதீங்க" என்றாள். பிறகு தானே துணியை எடுத்துக் கேட்டாள், மறுபடி போட்டுக் கேட்டாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. அடுத்த தெரு குக்கர் விசில்கூடக் கேட்கிறவள் அவள். அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் விளம்பரம்தான் புளுகு, என் காதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை அவளிடமே சொல்லவும் செய்தேன்.

"அது சரி, நீ ஏன் துணியை எடுக்காமலே நின்னே?" என்று கேட்டேன்.

அவள் ரிமோட்டை எடுத்துக் கச்சேரியை நிறுத்தினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எடுக்கட்டுமா, எடுக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டேதாங்க நின்னேன். நீங்க பதிலே சொல்லலை."