எரியாத கிளட்ச் பிளேட்

எரிந்த கிளட்ச் பிளேட்டின் நாற்றம் கையைக் கழுவினாலும் போகாது. சோற்றில் வரும், தலையணையில் வரும்.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ரோட்டோரம் லாரி மெக்கானிக்காக இருந்தேன். பல்லாவரத்து மலையில் கல் ஏற்றும் லாரி ஒன்று, இரண்டே மாதத்தில் மூன்றாவது முறையாக அந்த நாற்றத்தோடு வந்து நின்றது. கியர் பாக்ஸை இறக்கினேன். பிளேட்டில் ஆயில் ஈரம் இல்லை. பெடலும் சரியாகவே இருந்தது. பிளேட்டோடு உரசிச் சுழலும் ஃபிளைவீல் மட்டும் நெருப்பில் போட்ட கத்திபோல நீலம் பாய்ந்து கிடந்தது. கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை மேட்டில் வெகுநேரம் நிறுத்தினால்தான் அந்த நீலம் வரும்.

"பாத்தியா? இவன் காலுதான்!" என்றார் லாரி முதலாளி.

"காலுதான், யாரு இல்லேன்னா?" என்றார் டிரைவர். என் பக்கம் திரும்பினார். "ஹேண்ட் பிரேக் புடிக்கலண்ணா. மேட்டுல நிக்குது வண்டி. பின்னாடி பொம்பளைங்க கல்லு ஏத்திகினு கீறாங்க. கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நவுத்தணும். பிரேக்ல இருந்து கால எடுத்து ஆக்சிலேட்டர்ல வெக்கறதுக்குள்ள ஒரு சாண் பின்னாடி போவுது. அதான் கிளட்ச்லயே புடிச்சிகினு இருந்தேன்."

அன்றே அவருக்கு வேலை போயிற்று. ஹேண்ட் பிரேக் பிடிக்க, தேய்ந்துபோன லைனிங்கை மாற்றிப் போடலாம் என்றேன். "வண்டி நின்னா பேஜாரு. பிளேட்ட மட்டும் மாட்டு" என்றார் முதலாளி. மாட்டினேன்.

அடுத்த மாதம் ஸ்பிரிங் மாற்ற அதே லாரி வந்தது, புது டிரைவரோடு. முதலாளிக்கு ஒரே பெருமை. "பாரு, நாத்தமே இல்ல!"

இல்லைதான். கிளட்ச் மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். பிளேட் புதிதுபோல இருந்தது. இவர் கிளட்ச்சில் பிடிப்பதே இல்லை. அப்படியானால் அந்த மேட்டில், ஒவ்வொரு முறையும், வண்டி ஒரு சாண் பின்னால், அந்தப் பெண்கள் பக்கம்.

எழுந்து பின்பக்கம் போனேன். பின்பலகைக் கொக்கியில் கிழிந்த புடவைத் துண்டு ஒன்று தொங்கியது.

"அதுவா?" புது டிரைவர் சிரித்தார். "பொடவதான் மாட்டிகிச்சி சார். அந்தம்மா துள்ளிகினு ஓடிச்சி பாரு, ஆடு தோத்துடும்!"

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. கியர் பாக்ஸை இறக்கித் தரையில் வைத்தேன்.

"நல்லா கீற வண்டிய எதுக்குய்யா பிரிச்ச?" முதலாளி கத்தினார்.

லைனிங் வாங்கி வந்தால் மாட்டித் தருகிறேன் என்றேன். இரண்டு நாள் வந்து வந்து திட்டினார். கியர் பாக்ஸ் இல்லாத லாரி அசையாமல் கிடந்தது. மூன்றாம் நாள் லைனிங் வந்தது.