பேசாத கணினியும் ஒரு மணி பஸ்ஸும்

விஜயதசமியன்று காலை இசைவாணி வெள்ளிமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது கைப்பையில் இரண்டு பென்டிரைவ், ஓர் இயர்போன், தயிர்சாதப் பொட்டலம் மூன்றும்தான் இருந்தன. நைனார்பாளையத்தில் விடியுமுன் கிளம்பியவள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் கண்ணை எடுத்துக்கொண்டு போனது. இப்போது வயது முப்பத்திரண்டு. கரும்பு வெட்டப் போகிற பெற்றோர் படிக்க வைக்க, பி.ஏ. முடித்து, காதாலேயே கணினி கற்று, ஆறு வருடமாக வேலை கேட்டு நடக்கிறாள். எல்லா இடத்திலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. மரியாதையாக மறுப்பவர்களிடம் சண்டை போடக்கூட முடிவதில்லை.

தெய்வசிகாமணி அப்படி இல்லை. மணலூர்பேட்டைப் பக்கம் நெல் விவசாயம் பார்த்தவர், மலைக்கு வந்து இரண்டு கணினியோடு சென்டர் வைத்திருந்தார். மலை ஊர்க்காரர்கள் வாயால் சொல்ல, மனுவாக அடித்துக் கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. ஓர் ஆள் நின்றுவிட்டதால் இடம் காலியாக இருந்தது. போனில் அவர் டீயெல்லாம் தரவில்லை. "விஜயதசமிக்கு வந்து உக்காரு. ஒரு மனு அடி. மனு சொல்றவரு போற ஒரு மணி பஸ்ஸுக்குள்ள அது பிரிண்ட்டாவணும். ஆவலைன்னா சின்னசேலத்துப் பொண்ணு ஒண்ணு மறுநாளு வருது. இன்னொண்ணு, என் மெஷின்ல எதையும் ஏத்தக் கூடாது. ஒரு தபா ஏத்தவிட்டு வைரஸ் வந்து எல்லாம் போச்சு."

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் இல்லாமல் கணினி அவளுக்கு வெறும் பெட்டி. ஏற்றாமல் எப்படி? அதற்குத்தான் அந்த முதல் பென்டிரைவ். அதில் லினக்ஸ் இருந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்த இயங்குதளம். கணினியின் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே எழுந்து ஓடும், திரைவாசிப்பானும் அதற்குள்ளேயே இருக்கும். நிறுத்தினால், வந்த விருந்தாளி பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனது போல ஒரு தடமும் இருக்காது.

சென்டரில் கற்பூரமும் பொரிகடலையும் மணத்தன. முந்தின நாள் ஆயுத பூசை. பூசை போட்ட கருவியை அன்று தொடக் கூடாது என்பதால் கணினிகளை இன்னும் யாரும் போடவில்லை.

"நீதான் மொதல்ல தொடப் போற. நல்லபடியா தொடு" என்றார் தெய்வசிகாமணி.

இன்னொரு கணினியில் வேலை பார்க்கும் செந்தமிழ்ச்செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். கணினி எழும்போது, எதிலிருந்து எழுவது என்று கேட்டு வரும் பட்டியல் பேசாது. அதற்கு மட்டும் ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

"பென்டிரைவு பேரு எத்தினியாவதா இருக்குது, பார்த்துச் சொல்லும்மா."

"ரெண்டாவதுக்கா. ஏன்க்கா, ஒரு பெட்டியத் தெறக்க இத்தினி பூட்டா?"

இசைவாணி கீழ் அம்புக்குறியை ஒரு முறை தட்டி எண்டரை அழுத்தினாள். மூன்று நிமிடம் காத்திருந்தாள். பெட்டியின் முன்பக்கத் துளையில் இயர்போனைச் செருகி, ஆல்ட், விண்டோஸ், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். திரைவாசிப்பான் எழ வேண்டிய இடம் அது.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். இல்லை. முதலிலிருந்து எழுப்பினாள். அப்போதும் இல்லை. மணி பத்தரை.

மனு அடித்து வாங்க வந்திருந்த பச்சமுத்து பெஞ்சில் இருமினார். வயதான மலை விவசாயி. "நான் வோணா அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிடறேங்க" என்றார், செல்வியைக் காட்டி. தெய்வசிகாமணி நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். அது இசைவாணிக்குக் கேட்டது.

சத்தம் வந்தால் எங்கிருந்து என்று சொல்லிவிடலாம். சத்தம் வராததற்கு இடம் கிடையாது. கணினி எழாவிட்டாலும், நிரல் ஓடாவிட்டாலும், ஒலி அணைந்திருந்தாலும், இயர்போன் செத்திருந்தாலும் காதுக்கு எல்லாம் ஒன்றே. அவள் ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினாள். இயர்போனைத் தன் போனில் செருகினாள். போன் பேசியது. அது கழிந்தது.

"செல்வி, திரையில இன்னா தெரியுது?"

"ஏதோ படம். ஓரத்துல சின்னச் சின்னப் பொம்மை."

அப்படியானால் கணினி எழுந்துவிட்டது. "மேல மூலையில ஸ்பீக்கர் மாதிரி ஒண்ணு இருக்குதா? குறுக்க கோடு போட்டிருக்குதா?"

"இருக்குது. கோடு இல்ல."

ஒலியும் அணைந்திருக்கவில்லை. இந்தக் கணினியில் தனி ஸ்பீக்கர் கிடையாது. பெட்டியின் முதுகோ, சுவரோடு ஆணியடித்த பலகைக்குள் போயிருந்தது; பின்பக்கத் துளைக்குக் கை எட்டாது. திரைவாசிப்பான் உள்ளே பேசிக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வாசல்தான் அடைத்திருக்கிறது.

இயர்போன் முள்ளை மறுபடி செருகினாள். அது உட்காரும்போது விரலில் ஒரு சின்ன இடறல் தெரிய வேண்டும். இங்கே அது தெரியவில்லை. ஒரு நெல் அளவு முன்னாலேயே நின்றுவிட்டது. முள்ளை எடுத்துவிட்டுத் துளையைத் தடவினாள். சுற்றிலும் வட்டமாக, சொரசொரவென்று காய்ந்த பத்து. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"சார், நேத்து இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"ஜாஸ்தியா வச்சிட்டீங்க. காதுக்குள்ள போயிருக்குது."

செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். "கட்டை விரலால அப்புனாருக்கா! கம்மியா வைங்கன்னு சொன்னேன், சாமிக்கு வைக்கிறதுல இன்னா கம்மின்னாரு."

"கொண்டை ஊசி வச்சிருக்கியா? அதக் குடு, அப்பறம் சிரி."

கணினியை நிறுத்திவிட்டு ஊசி முனையால் சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து எடுத்தாள். அவசரப்பட்டால் உள்ளே தள்ளிவிடும். தெய்வசிகாமணி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். அவள் கையின் வேகம் கூடவில்லை. பதினொன்றே முக்காலுக்கு மறுபடி எழுப்பினாள். முள் இடறி உட்கார்ந்தது. மூன்று விசைகள்.

கட்டையான, மூக்கால் பேசுகிற ஒரு குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. அழகான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் அதைத் தமிழுக்கு மாற்றினாள், தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தாள், வேகத்தைக் கூட்டினாள். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க பெரியவரே."

"திரையப் பார்க்காம எப்டிம்மா அடிப்ப?"

"நீங்களும் பார்க்காமதானே சொல்லப் போறீங்க."

பச்சமுத்துவின் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் பிள்ளைகள் தாண்ட முடிவதில்லை. ஒரு சின்னப் பாலம் வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்க வேண்டிய மனு. சொல்லத் தொடங்கியவர் ஓடையில் தவறி விழுந்த ஆட்டைப் பற்றியும், அந்த ஆட்டின் குணத்தைப் பற்றியும் சொன்னார். ஆட்டை விட்டுவிட்டு ஓடையை மட்டும் அவள் அடித்தாள். ஒரு காதில் அவர், இன்னொரு காதில் இயந்திரம். முடித்து இரண்டாவது பென்டிரைவில் சேமித்துச் செல்வியிடம் நீட்டினாள். முதலாவது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. பன்னிரண்டே முக்காலுக்குச் செல்வியின் பிரிண்டர் தாளைத் தள்ளியது.

தெய்வசிகாமணி நின்றபடியே படித்தார்.

"மழைக்காலம்னு ரெண்டு தபா வருது."

"அவரு ரெண்டு தபா சொன்னாரு சார். வருஷத்துல ரெண்டு மழை."

பச்சமுத்து தலையாட்டினார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். தெய்வசிகாமணி இன்னொரு கணினியின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். அதிலும் அதே இடத்தில் பொட்டு. கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு அதன் முன் உட்கார்ந்தார்.

"சின்னசேலத்துப் பொண்ண வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றார், தலையைத் தூக்காமல். "நாளைக்கும் இதே காலை பஸ்ஸா?"

"இதே பஸ்தான் சார்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கணினி அவளை மறந்துபோய்த்தான் எழுகிறது. தினமும் ஆங்கிலத்தில் பேசுகிறது. தினமும் அவள் அதற்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். நான்கு நிமிடம் ஆகும். அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை, பெருமை பேசிக்கொண்டதும் இல்லை.

அடுத்த ஆயுத பூசைக்குத் தெய்வசிகாமணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, இசைவாணி கணினியின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள். மறு கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கி, பெட்டியின் தலைமேல் தடவிப் பார்த்து, நடுவில் ஒரு பொட்டு வைத்தாள்.

"கம்மியா இருக்குதே" என்றார் அவர்.

"போதும் சார்."